வெயிலும் மின்சாரமும்: திண்டிவனம் வட்டாரத்தில் இரட்டை வெந்நீர் அமைப்பு குறித்த ஒரு மதிப்பீடு

1. கேள்வியும் அதன் எல்லையும்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடமும் பார்சுவநாதர் கோயிலும் அமைந்த ஊர். அங்கோ சுற்றுப்புற ஊர்களிலோ வீட்டுக்குள் சூடேற்றும் கருவி வேண்டும் என்று எவரும் நினைத்ததில்லை. வெப்பம் வீட்டுச் செலவாக இங்கே இரண்டு இடங்களில்தான் வருகிறது. ஒன்று அடுப்படி, மற்றொன்று குளியலறை. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்குவது குறித்து எழும் கேள்வி, இந்த வட்டாரத்தில் வெந்நீர் குறித்த கேள்வியாகவே வடிவெடுக்கிறது.

காங்கிரீட் தளம் போட்டு வீடு கட்டும் ஒருவரிடம் இன்று கடைக்காரர் முன்வைக்கும் ஏற்பாடு இது: மொட்டைமாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர், அதன் தொட்டிக்குள்ளேயே ஒரு மின்சுருள். வெயில் இருந்தால் வெயில், இல்லாவிட்டால் கரண்ட். இரண்டு மூலங்களை ஒரே கருவியில் இணைக்கும் இந்த அமைப்பை இக்கட்டுரை ‘இரட்டை அமைப்பு’ என்று குறிப்பிடுகிறது. அது போடும் பணத்துக்குத் தகுமா என்பதே ஆய்வுப் பொருள்.

இக்கட்டுரையின் வாதம் இதுதான்: இரட்டை அமைப்பின் மதிப்பு, அதன் இலவசப் பாதி ஆண்டுக்கு எவ்வளவு வெப்பம் தர வல்லது என்பதில் இல்லை. தேவை எழும் நாளில் அந்தப் பாதி வேலை செய்கிறதா, அது ஓயும் நாளில் மற்றப் பாதி தாங்குகிறதா என்ற இரண்டில்தான் இருக்கிறது. இந்த அளவுகோலை வைத்தால், திண்டிவனம் வட்டாரத்தின் பெரும்பாலான வீடுகளுக்கு இரட்டை அமைப்பு தேறுவதில்லை. சில வகை வீடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் நன்றாகவே தேறுகிறது.

2. இதுவரையிலான புரிதல்

இப்பொருள் குறித்து மூன்று நிலைப்பாடுகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, அரசின் பரப்புரை முன்வைத்த நிலைப்பாடு. 2010-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய ஆற்றல் இயக்கம், 2022-க்குள் 2 கோடி சதுர மீட்டர் சூரிய வெப்பச் சேகரிப்பான்களை நிறுவுவதை இலக்காகக் கொண்டது. 100 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் ஆண்டுக்கு 1,500 யூனிட் வரை மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்ற கணக்கு மத்திய அமைச்சகத்தின் வெளியீடுகள் வழியே பரவியது. விற்பனையாளர்களின் துண்டறிக்கைகளில் இன்றும் அதுவே இடம்பெறுகிறது. இயக்கத்தின் மூலதன மானியம் 2014-இல் நின்றது. எண் மட்டும் நிற்கவில்லை.

இரண்டாவது, பக்கத்து மாநிலத்தின் முன்னுதாரணம். பெங்களூரு நகரில் குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட மனைகளில் சோலார் வாட்டர் ஹீட்டர் கட்டாயமாக்கப்பட்டது. பொருத்தியவர்களுக்கு மின்கட்டணத்தில் தள்ளுபடியும் தரப்பட்டது. அந்நகரின் மொட்டைமாடிகளைப் பார்த்தவர்கள், அங்கே பயன்படுவது இங்கேயும் பயன்படும் என்று கருதுவது இயல்பு. ஆனால் பெங்களூரு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி காலைகளில் அங்கே வெந்நீர் தேவைப்படுகிறது. கடற்கரையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், சமவெளியில் இருக்கும் திண்டிவனத்தின் நிலை அதுவன்று.

மூன்றாவது, ஊரார் நிலைப்பாடு. வெயில் கொளுத்தும் ஊரில் வெந்நீருக்கு எதற்கு மெஷின் என்பது அதன் சாரம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மையன்று. மூட்டுவலிக்காரர், கைக்குழந்தை, பிள்ளைபெற்று வந்த மகள் ஆகியோர் உள்ள வீட்டில் சித்திரையிலும் வெந்நீர் போடுகிறார்கள். தேவையே இல்லை என்பதைவிட, தேவை வீட்டுக்கு வீடு பெரிதும் மாறுபடுகிறது என்பதே சரி.

முதல் நிலைப்பாடு கருவியின் திறனைப் பார்க்கிறது. மூன்றாவது, பருவத்தைப் பார்க்கிறது. இரண்டையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால்தான் முடிவு கிட்டும்.

3. தேவை எவ்வளவு?

நான்கு பேர் கொண்ட வீடு. ஆளுக்கு 20 லிட்டர் கொள்ளும் ஒரு வாளி. மார்கழி, தை விடியலில் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி செல்சியஸ் என்றும், குளிக்க இதமான சூடு 40 டிகிரி என்றும் கொள்வோம். 80 லிட்டர் நீரை 15 டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பம் ஏறத்தாழ 1.4 யூனிட். கருவியிலும் குழாயிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்து நாளொன்றுக்கு 1.6 யூனிட் எனலாம். கார்த்திகை முதல் மாசி வரை நான்கு மாதம், 120 நாள் இப்படிக் குளித்தால் மொத்தம் 192 யூனிட். கணக்கு எளிதாக இருக்க, இரண்டு மாத ரீடிங்குக்கு 100 யூனிட் வீதம் 200 யூனிட் என்று வைத்துக்கொள்வோம்.

இதை 1,500 என்ற எண்ணோடு ஒப்பிட வேண்டும். அந்த எண் பொய்யன்று. தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 யூனிட்டுக்கு மேல் சூரிய ஆற்றல் விழுகிறது. 2 சதுர மீட்டர் தகட்டுச் சேகரிப்பான் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக நீருக்கு மாற்றினாலும் நாளுக்கு நான்கரை யூனிட் கிடைக்கும். ஆண்டுக்கு 1,500-ஐத் தாராளமாக எட்டும். ஆனால் அது கருவி தரக்கூடிய வெப்பத்தின் அளவு. வீடு எடுத்துக்கொள்ளும் வெப்பம் அதில் ஏழில் ஒரு பங்குதான். மீதி எங்கே போகிறது? பங்குனி முதல் ஆவணி வரை மாடித் தொட்டியின் நீரே பகலில் கை பொறுக்காத சூட்டுக்கு வந்துவிடுகிறது. அந்த மாதங்களில் இப்படிப்பட்ட வீட்டில் சோலார் தொட்டியின் 70 டிகிரி வெந்நீரை எவரும் திறப்பதில்லை. அது இரவில் ஆறி, பகலில் மீண்டும் கொதித்துக்கொண்டிருக்கிறது.

பரப்புரைக் கணக்கின் பிழை பெருக்கலில் இல்லை. உற்பத்தியைச் சேமிப்பு என்று எண்ணிய இடத்தில் இருக்கிறது. விற்கப்படாத நெல்லை வருமானத்தில் எழுதுவது போன்றது அது.

4. இரண்டு வகைக் குளிர்

தேவையை இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்தின் குளிர் இரண்டு வகை. ஐப்பசி பாதியிலிருந்து மார்கழித் தொடக்கம் வரை வருவது மழைக்குளிர். வடகிழக்குப் பருவமழையின் அடைமழை நாட்களில் வெயில் தலைகாட்டாது. பகல் முழுதும் சிலுசிலுப்பு இருக்கும். மார்கழி நடுவிலிருந்து மாசி வரை வருவது பனிக்குளிர். விடியல் குளிரும், ஒன்பது மணிக்கு மேல் வானம் துப்புரவாகி வெயில் ஏறும்.

பனிக்குளிர் நாட்களில் சோலார் அமைப்பு மிகச் சிறப்பாக வேலை செய்யும். முந்தைய நாள் வெயிலில் 60 டிகிரிக்கு ஏறிய 100 லிட்டர், விடியலில் குளிர்ந்த நீரோடு கலந்தால் 200 லிட்டருக்கு மேற்பட்ட குளியல் நீராகும். மழைக்குளிர் நாட்களில் அதே அமைப்பு ஏறக்குறைய முடங்கிக் கிடக்கும். முழுச் சுமையும் மின்சுருளின் மேல் விழும்.

ஆகவே 120 நாளில் மூன்றில் இரண்டு பங்கை வெயில் சுமக்கும், மூன்றில் ஒரு பங்கை மின்சாரம் சுமக்கும் என்று கொள்வது நியாயமானது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்பதில் 66 யூனிட் மிச்சம். 34 யூனிட் செலவு.

வெளிநாட்டு அனுபவத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மின் நிறுவனமும் எரிவாயு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் இரட்டை எரிபொருள் திட்டத்தில், வெளிவெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 12 டிகிரியைத் தொடும்போது வீடு மின்சாரத்திலிருந்து எரிவாயுவுக்கு மாறும் (இடத்தைப் பொறுத்து இது 15 டிகிரி). மின்வலை திணறும் மிகக்குளிர் நாட்களில் சுமையைக் கைமாற்றுவதே நோக்கம். அங்கே இரண்டாம் மூலம் முதல் மூலத்தின் பலவீனத்தைச் சரியாக ஈடுகட்டுகிறது. அப்படியிருந்தும் எல்லா அரசுகளும் இரட்டை அமைப்பை ஏற்றுவிடவில்லை. 2026 முதல் கொதிகலனை மாற்றும்போது ஹைபிரிட் வெப்ப விசைக்குழாயையே (ஹீட் பம்ப்) பொது நெறியாக்குவதாக 2022-இல் அறிவித்த நெதர்லாந்து, 2024-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பிரிட்டனின் கொதிகலன் மாற்று மானியம் ஹைபிரிட் அமைப்புகளுக்குக் கிடைப்பதில்லை. இரண்டு கருவிகளின் விலையை ஒரே வீட்டின் தலையில் ஏற்றுவது தகுமா என்ற ஐயம் குளிர்நாடுகளிலேயே தீரவில்லை. ஆண்டில் 120 காலைகள் மட்டும் வெந்நீர் போடும் ஊரில் அந்த ஐயம் இன்னும் கனக்கிறது.

5. மின்கட்டணப் படிகளும் மீட்புக் காலமும்

ஒரு யூனிட்டின் விலை வீட்டுக்கு வீடு வேறுபடுவது தமிழ்நாட்டுக் கட்டணத்தின் தனித்தன்மை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் அனைவருக்கும் இலவசம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தில், 500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 400 வரை அனைத்தும் 4.50 ஆகிவிடும், 501-க்கு மேல் 8 ரூபாய் என்று ஏறும். 2024 ஜூலையில் 4.83 விழுக்காடு உயர்வு வந்தது. படிகளின் அமைப்பு மாறாததால், இங்கே 2022-இன் எண்களைக் கொண்டே கணக்கிடுகிறேன். உயர்வைச் சேர்த்தாலும் முடிவுகள் மாறுவதில்லை.

வெந்நீர் நீங்கலாக நான்கு வகை வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டைக் கூடுதலாக வெந்நீருக்குச் செலவிடுகிறது. சோலார் வந்தால் அது 34 யூனிட்டாகக் குறைகிறது. 100 லிட்டர் இரட்டை அமைப்புக்குக் குழாய் வேலை உட்பட 25,000 ரூபாய் என்று கொள்வோம்.

இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் எரிக்கும் சிறு வீட்டில், 190-க்கான கட்டணம் 202.50 ரூபாய், 124-க்கான கட்டணம் 54 ரூபாய். மிச்சம் 148.50. இரண்டு ரீடிங்குக்கும் சேர்த்து ஆண்டுக்கு 297 ரூபாய். போட்ட பணம் திரும்ப 84 ஆண்டு ஆகும்.

180 யூனிட் வீட்டில் ஆண்டு மிச்சம் 594 ரூபாய். மீட்புக் காலம் 42 ஆண்டு. 380 யூனிட் வீட்டில் மிச்சம் 792 ரூபாய். மீட்புக் காலம் ஏறத்தாழ 32 ஆண்டு.

450 யூனிட் வீட்டில் கணக்கு திசை மாறுகிறது. சோலார் இல்லாமல் 550 யூனிட்டாகி, 500 என்ற எல்லை தாண்டிப்போய், கட்டணம் 2,350 ரூபாய் ஆகிறது. சோலார் இருந்தால் 484 யூனிட்டில் எல்லைக்குள் நின்று, 1,629 ரூபாயாகிறது. ஒரு ரீடிங்குக்கு 721 ரூபாய், ஆண்டுக்கு 1,442 ரூபாய் மிச்சம். மீட்புக் காலம் 17 ஆண்டு. புதிதாக வீடு கட்டுபவர் கீசர் வாங்கும் செலவாக 7,000 ரூபாயைக் கழித்துக்கொண்டால் இது 13 ஆண்டுக்கும் குறைவு. நல்ல தகட்டுச் சேகரிப்பான் 15 முதல் 20 ஆண்டு உழைக்கும் என்பதால், இந்த ஒரு வகை வீட்டில் மட்டும் கணக்கு விளிம்பில் தேறுகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இந்த வட்டாரத்தில் சோலாரின் பெரிய லாபம் வெயில் தரும் வெப்பத்தில் இல்லை; 500 யூனிட் கோட்டைத் தாண்டாமல் தடுப்பதில் இருக்கிறது. அந்தக் கோட்டின் அருகில் இல்லாத வீட்டுக்கு அந்த லாபமும் இல்லை. சிறு வீடுகளுக்கு மாநில அரசு தரும் மின்மானியமே சோலார் வாட்டர் ஹீட்டரின் முதல் போட்டியாளர்.

6. சேர்க்கையின் நுட்பம்: சுருள் எங்கே இருக்க வேண்டும்?

மேற்கண்ட கணக்கு, அமைப்பு நன்றாக இயங்கும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. நடைமுறையில் இரட்டை அமைப்புகளின் குறை பெரும்பாலும் இரண்டு மூலங்களும் சந்திக்கும் இடத்தில்தான் தோன்றும்.

மின்சுருள் 100 லிட்டர் தொட்டிக்குள் இருக்கிறது. சுவிட்சைப் போட்டே வைத்துவிட்டால் என்ன ஆகும்? மாலையில் வெந்நீர் எடுத்தவுடன் தொட்டிக்குள் குளிர்ந்த நீர் புகும். தெர்மோஸ்டாட் அதை இரவோடு இரவாக 60 டிகிரிக்கு ஏற்றிவிடும். தொட்டி முழுதும் குளிர்ந்த நீராக மாறியிருந்தால் அதற்குச் செலவு ஏறத்தாழ 4 யூனிட். வீட்டுக்குத் தேவையோ 1.6 யூனிட்தான். காலையில் வெயில் வரும்போது தொட்டி ஏற்கெனவே சூடாக இருக்கும். சேகரிப்பான் செய்ய வேலை இருக்காது. இலவச மூலத்தை விலைகொடுத்து வாங்கிய மூலம் வெளியே தள்ளிவிடுகிறது. கவனமின்றிப் பயன்படுத்தப்படும் இரட்டை அமைப்பு, சாதாரணக் கீசரைவிடக் கூடுதல் மின்சாரம் இழுக்கக்கூடும்.

குழாயின் தொலைவும் கணக்கில் சேரும். மாடியிலிருந்து தரைத்தளக் குளியலறைக்கு முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால், அதற்குள் ஏறத்தாழ ஐந்து லிட்டர் நீர் நிற்கும். முதலில் அந்த ஆறிய நீர் வழிய வேண்டும். குளித்து முடித்தபின் அதே அளவு வெந்நீர் குழாயிலேயே ஆறும். ஆளுக்கு ஒரு வாளி என்ற அளவில் பயன்படுத்தும் வீட்டில் இது சிறிய இழப்பன்று.

மூன்றாவது, தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் சுருளிலும் சேகரிப்பானின் குழாய்களிலும் வெள்ளைப் படிவு ஏறும். நீர் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு வேகமாகப் படிவு விழும். கோடையில் எவரும் பயன்படுத்தாமல் 70 டிகிரிக்கு மேல் கிடக்கும் தொட்டிதான் அதிகம் பாழாகும். சேகரிப்பானைக் கோடையில் தார்ப்பாயால் மூடிவைப்பது எளிய தீர்வு.

சோலார் வைத்தே ஆகவேண்டும் என்பவருக்கு இவற்றிலிருந்து ஒரு பரிந்துரை கிடைக்கிறது: மாடித் தொட்டிக்குள் மின்சுருள் வேண்டாம். சோலாரை வெயிலோடு விட்டுவிட்டு, மழைநாளுக்குக் குளியலறையில் தனிக் கருவி வைத்துக்கொள்வது மேல். 1,500 வாட் ஹீட்டர் ராடு ஒரு வாளி நீரைக் கால் மணி நேரத்துக்குள் சூடாக்கும். தேவைக்கு மேல் ஒரு லிட்டரும் சூடாவதில்லை. அதன் ஆபத்து வேறு வகை. சுவிட்சை அணைக்காமல் தண்ணீரைத் தொட்டுப்பார்க்கும் பழக்கம் உயிரைக் குடிக்கும். மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாத வீட்டில் ராடைப் பரிந்துரைக்க இயலாது.

7. விறகு: கணக்கில் வராத இரட்டை அமைப்பு

இந்த வட்டாரத்து வீடுகளில் பல, கடையில் வாங்காமலே இரட்டை அமைப்பை வைத்திருக்கின்றன. தோட்டத்துப் பக்கம் மூன்று கல், அதன்மேல் தவலையோ அண்டாவோ, குளியலறையில் ராடு. மரக்காணம் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளிலிருந்து வரும் மிலாறும், ஏரிக்கரைச் சீமைக்கருவேலமும், அறுவடைக்குப் பின் மல்லாட்டைத் தோலும் இதன் எரிபொருள்கள்.

எரிபொருள் திறனில் இது மிக மோசமான முறை. திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் எட்டில் ஒரு பங்குதான் நீரைச் சேரும் என்று கொண்டால், நான்கு வாளி வெந்நீருக்கு மூன்று கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். விறகு பொறுக்குவதும் புகையில் குந்தி ஊதுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. அதற்குக் கூலி போட்டால் கிலோ விறகு மின்சாரத்தைவிட மலிவு என்று சொல்ல முடியாது. விறகடுப்பைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்தக் கூலியை எழுதுவதில்லை.

எரிவாயு இடைவழியாகத் தோன்றும். 14.2 கிலோ சிலிண்டர் 850 ரூபாய் என்று கொண்டால், நான்கு வாளி வெந்நீருக்கு அடுப்பில் 13 ரூபாயும் கேஸ் கீசரில் 10 ரூபாயும் ஆகும். 4.50 ரூபாய் மின்சாரத்தில் அதே வேலைக்கு 7.20 ரூபாய் போதும். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் வெளியிடும் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. விலையிலும் பாதுகாப்பிலும் அது பின்தங்குகிறது.

ஆனாலும் விறகடுப்புக்கு ஒரு வலிமை உண்டு. அதை 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வெளிக்காட்டியது. புதுச்சேரி அருகே கரை கடந்த அந்தப் புயலில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் வெயிலும் இராது, மின்சாரமும் இராது. கடலோரத்தைக் குலைத்த 2011 தானே புயலின் பின்விளைவும் இதுவே. சோலாரும் மின்சுருளும் இரண்டு மூலங்கள்தாம். ஆனால் ஒரே புயலில் இரண்டும் வீழும். ராடும் விறகடுப்பும் அப்படி ஒன்றாக வீழ்வதில்லை. சேர்த்துவைத்த விறகு நனையாமல் இருந்தால் போதும். ஒரே சமயத்தில் ஓயும் இரண்டை இணைப்பதால் உறுதி கூடுவதில்லை.

8. மாற்றுப் போட்டியாளர்: மாடி மின்தகடு

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டம் வீட்டு மாடியின் சூரிய மின்தகடுகளுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் தருகிறது. இது வெந்நீர் கணக்கையே மாற்றிவிடுகிறது.

ஒரு கிலோவாட் மின்தகடு நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட், ஆண்டுக்கு 1,450 யூனிட்டை ஒட்டித் தரும். 100 லிட்டர் சோலார் ஹீட்டரின் விளம்பர எண்ணும் ஏறத்தாழ இதுதான். நிறுவும் செலவு 60,000 என்று கொண்டால் மானியம் போகக் கையிலிருந்து 30,000 ரூபாய். இரண்டுக்கும் விலையும் விளைச்சலும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு பயன்பாட்டில். வெப்பம் வெந்நீராக மட்டுமே பயன்படும். மின்சாரம் சித்திரையில் ஃபேனாகவும், ஆவணியில் மோட்டாராகவும், தையில் ராடாகவும் பயன்படும். மிஞ்சினால் மின்வாரியத்தின் வலைக்குள் போகும்.

450 யூனிட் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் மின்தகட்டிலிருந்து வந்தால், கட்டணம் 1,425-இலிருந்து 270 ரூபாயாக இறங்கும். ஆண்டு மிச்சம், பிற கட்டணங்கள் நீங்கலாக, 6,930 ரூபாய். மீட்புக் காலம் நான்கரை ஆண்டுக்கும் குறைவு. 380 யூனிட் வீட்டுக்கு ஐந்தரை ஆண்டுக்குள். 180 யூனிட் வீட்டுக்கு மட்டும் 28 ஆண்டுக்கு அருகில். அங்கே கட்டணமே சிறியது.

இரண்டு எதிர்வாதங்களை இங்கே எடைபோட வேண்டும். முதலாவது, மின்வலையோடு இணைந்த மின்தகடு கரண்ட் போனால் தானும் அணைந்துவிடும். பழுது பார்க்கும் ஊழியர் உயிருக்குப் பாதுகாப்பாக அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் இதைத் தீர்க்கும்; ஆனால் விலை மேலும் ஏறும், பேட்டரியையும் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும். இரண்டாவது, காலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் ராடு போட்டால் அந்தச் சுமை வெயில் வருவதற்கு முன்பே மின்வலையின் மேல் விழுகிறது. வீட்டின் கணக்கில் நண்பகல் யூனிட்டும் விடியல் யூனிட்டும் சமமாகக் கழிகின்றன. மின்வாரியத்துக்கு அவை சமமல்ல. வெப்பத்தைத் தொட்டியில் சேமிக்கும் சோலார் ஹீட்டருக்கு இந்த வகையில் ஒரு பொதுநலன் உண்டு. அந்தப் பொதுநலனுக்கு விலைதரும் ஏற்பாடு வீட்டுக் கட்டணத்தில் இல்லாதவரை, வீட்டுக்காரர் அதைச் சுமக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை.

9. எங்கே தேறும்?

இதுவரை கண்டது ஆளுக்கு ஒரு வாளி வீட்டின் கணக்கு. ஆறு பேர் கொண்ட கூட்டுக் குடும்பம், முதியோரும் குழந்தையும் உண்டு, ஆளுக்கு இரண்டு வாளி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் நிலைமை வேறு. கோடையில் நீர் வெதுவெதுப்பாக இருப்பதால் சராசரியாக 12 டிகிரி உயர்த்தினால் போதும் என்று கொண்டாலும், ஆண்டுத் தேவை 1,000 யூனிட்டை எட்டும். இதில் ஐந்தில் நான்கு பங்கை வெயில் சுமந்து, 8 ரூபாய்ப் படியில் அந்த யூனிட்டுகள் மிச்சமானால் ஆண்டுக்கு 6,400 ரூபாய். 200 லிட்டர் அமைப்புக்கு 40,000 ரூபாய் என்றாலும் ஆறேகால் ஆண்டில் பணம் திரும்பும்.

மருத்துவமனை, விடுதி, யாத்திரிகர் தங்கும் இல்லம், மடம் ஆகியவையும் இதே வகை. மேல்சித்தாமூர் போன்ற ஊருக்கு இது பொருந்தும். ஆண்டு முழுதும் வெளியூர் அடியார்கள் வந்து, விடியலில் நீராடி வழிபாட்டுக்குச் செல்லும் இடங்களில் கூட்டுத் தேவை தொடர்ச்சியானது. நிறுவனங்களுக்கு இலவச 100 யூனிட் போன்ற வீட்டுச் சலுகையும் இல்லை. ஆனால் சமண ஒழுக்கம் கோரும் மற்றொரு வெந்நீர், அதாவது வடிகட்டிக் காய்ச்சிய குடிநீர், இந்தக் கணக்கில் சேராது. 60 டிகிரித் தொட்டி நீர் காய்ச்சிய நீராகாது. உப்புப் படிவு ஏறிய தொட்டி குடிநீருக்கு உகந்ததுமன்று. அந்த வேலை அடுப்பிலேயே நடக்கும். ஒரே வளாகத்தில் இரண்டு வெந்நீர்த் தேவைகளுக்கு இரண்டு தனி விடைகள் உண்டு என்பதை வாங்குபவர் முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும்.

10. முடிவுரை

ஆய்வின் முடிவுகளை இப்படித் தொகுக்கலாம். ஆண்டில் நான்கு மாதம் மட்டும், ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர் போடும் வீட்டுக்கு இரட்டை அமைப்பு தகாது. பாதுகாப்பான சுவிட்சும் ஒரு ராடும் போதும். இரண்டு மாதத்துக்கு 380 யூனிட்டுக்கு மேல் எரிக்கும் வீடு, அதே பணத்தை மாடி மின்தகட்டில் போட்டால் பலமடங்கு பெறும். ஆண்டு முழுதும் மிகுதியாக வெந்நீர் செலவழிக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் விடுதிக்கும் மடத்துக்கும் சோலார் ஹீட்டர் தகும். அங்கும் மின் உதவியைத் தொட்டிக்குள் வைக்காமல் தனியே வைப்பது நல்லது. தோட்டத்து அடுப்பை இடித்துவிட வேண்டாம். தினசரிப் பயன்பாட்டிலிருந்து அதை விலக்கி, புயல் வாரத்துக்கு ஒதுக்கிவைத்தால் போதும்.

கொள்கை வகுப்போருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஒரு கருவி ஆண்டுக்கு எவ்வளவு ஆற்றல் தர வல்லது என்பதை வைத்து மானியமும் கட்டாய விதியும் வகுக்கப்படும்போது, பெங்களூருக்குப் பொருந்திய விடை திண்டிவனத்துக்கும் நீட்டப்படுகிறது. எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எத்தனை வாளி என்பதை வட்டாரவாரியாகக் கேட்டறிந்தால் அந்தத் தவறு நேராது. வீட்டுக்காரர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே: இது வருடத்துக்கு எத்தனை யூனிட் தரும் என்பதல்ல, கார்த்திகை அடைமழையில் எத்தனை வாளி தரும் என்பது.